காசி, கயை, புத்தகயை: யாத்திரை வழியும் வழிகாட்டிகளும்

வடநாட்டு நகரங்களில் குடியேறி வாழும் தமிழர் இல்லங்களுக்கு ஊரிலிருந்து ஆண்டுதோறும் ஒரு செய்தி வருவதுண்டு. முன்னாளில் அது கடிதமாக வந்தது. இந்நாளில் தொலைபேசி வாயிலாக வருகிறது. "காசிக்குப் புறப்படுவதென்று முடிவு செய்துவிட்டோம், நீ அங்கே இருக்கிறாய் என்ற தைரியந்தான்" என்பதே அச்செய்தியின் சாரம். கொல்கத்தாவானாலும் தில்லியானாலும் நாக்பூரானாலும், அங்கே இருக்கும் தமிழன் அன்று முதல் சத்திரக்காரனும் ஆகிறான், வழிகாட்டியும் ஆகிறான். காசிக்கும் தன் ஊருக்கும் இடையே எத்தனை மைல் என்பதை உறவினர் கேட்பதில்லை. வடக்கே இருப்பவனுக்கு வடக்கெல்லாம் தெரியும் என்பது அவர்கள் நம்பிக்கை.

சில ஆண்டுகளுக்கு முன் இவ்வாறு வந்த என் பெரியம்மாவை ஒரு யாத்திரைக் குழுவோடு சேர்த்து நானும் உடன் சென்றேன். காசியில் மூன்று நாள், பிரயாகையில் ஒரு நாள், கயையில் இரண்டு நாள். இடையே சாரநாத்துக்கு ஒரு மாலை, புத்தகயைக்கு ஒரு காலை என்று அட்டவணை போட்டிருந்தார்கள். கயையில் பிண்டம் இடும் இடங்களைப் புரோகிதர் எண்ணிச் சொல்லி வந்தபோது, பல்குனி நதி, விஷ்ணு பாதம், அட்சய வடம் ஆகியவற்றோடு நில்லாமல், விரிவாகச் செய்ய விரும்புவோர் புத்தகயையில் போதி மரத்தடியிலும் பிண்டம் இடவேண்டும் என்றார். பெரியம்மா என்னைப் பார்த்து, "ஏனப்பா, புத்தர் நம் சாமியா, அவர்கள் சாமியா?" என்று கேட்டார். நான் வாய் திறக்குமுன் குழுவின் வழிகாட்டி, "அவர் விஷ்ணுவின் அவதாரம் அம்மா, நேரமாகிறது, வண்டியில் ஏறுங்கள்" என்றார். பெரியம்மா வண்டியில் ஏறினார்; ஆனால் அவர் முகத்திலிருந்து கேள்வி இறங்கவில்லை.

அந்த வழிகாட்டியைக் குறை கூறுவதற்காக இதைச் சொல்லவில்லை. ஐம்பது பேரைக் கட்டி மேய்ப்பவருக்கு ஒரு வாக்கியத்துக்கு மேல் சொல்ல அவகாசமில்லை. ஆயினும் அந்த ஒரு வாக்கியத்துக்குப் பின்னால் இரண்டாயிரத்து முந்நூறு ஆண்டு வரலாறு நிற்கிறது. அவ்வரலாறு பெரும்பாலும் வழிகாட்டிகளின் வரலாறே. இன்ன இடத்தில் இன்னது நடந்தது என்று கைநீட்டிச் சொல்ல ஆள் இருந்த காலத்தில் இத்தலங்கள் வாழ்ந்தன. சொல்ல ஆளற்றுப் போனபோது அவற்றுட் சில மண்ணுக்குள் புகுந்தன.

புத்தர் பிறந்த இடம், ஞானம் பெற்ற இடம், முதலில் அறம் உரைத்த இடம், நிர்வாணம் எய்திய இடம் ஆகிய நான்கையும் அடியார்கள் கண்டு வணங்க வேண்டுமென்று அவரே தம் இறுதி நாட்களில் ஆனந்தருக்குக் கூறியதாகப் பாலி நூல்கள் உரைக்கின்றன. லும்பினி, புத்தகயை, சாரநாத், குசிநகரம் என்பவை அந்நான்கு இடங்கள். இவற்றை முறையாகச் சுற்றி வந்தவருள் வரலாறு அறிந்த முதல்வர் அசோகச் சக்கரவர்த்தி. தம் எட்டாம் பாறைக் கட்டளையில் அவர் கூறுவது சுவையானது. முன்னைய மன்னர்கள் விகார யாத்திரை சென்றார்களாம். அதாவது வேட்டையும் கேளிக்கையுமாகப் பொழுது போக்கினார்களாம். தாம் முடிசூடிப் பத்து ஆண்டுகள் ஆனபின் சம்போதிக்குச் சென்றதாகவும், அதுமுதல் தம் பயணங்கள் தர்ம யாத்திரைகளாயின என்றும் அவர் சொல்கிறார். சம்போதி என்பது ஞானம் பிறந்த இடமாகிய புத்தகயை என்று அறிஞர் பலரும் கொள்வர். அந்த யாத்திரையில் அவர் என்ன செய்தார்? சமணர்களையும் பிராமணர்களையும் கண்டு தானம் அளித்தார். முதியோரைக் கண்டு பொன் வழங்கினார். நாட்டுப்புற மக்களைச் சந்தித்து அறம் பேசினார். சமணர் என்ற சொல் இங்கே துறவிகள் அனைவரையும் குறிப்பது. ஜைனரை மட்டும் அன்று. இந்நாட்டின் முதல் தர்ம யாத்திரையிலேயே இரு வழியினரும் ஒரே பந்தியில் அமர்த்தப்பட்டிருக்கின்றனர் என்பதை நாம் கவனிக்க வேண்டும். கயைக்கு வடக்கே பராபர் குன்றுகளில் ஆசீவகத் துறவிகளுக்கும் அசோகர் குகைகள் குடைவித்துக் கொடுத்தார். அவர்கள் புத்தரையும் ஏற்காதவர்கள், வேதத்தையும் ஏற்காதவர்கள்.

அசோகருக்கு வழிகாட்டியாக அமைந்தவர் மதுராவைச் சேர்ந்த உபகுப்தர் என்று வடமொழி நூலான அசோகாவதானம் கதை சொல்லுகிறது. வாசனைப் பொருள் விற்கும் வணிகரின் மகனாகிய அவர் துறவு பூண்டு புகழ் பெற்றவர். அவரைப் படகில் பாடலிபுத்திரத்துக்கு வரவழைத்து, புத்தர் வாழ்ந்த இடங்களைக் காட்டுமாறு அரசர் வேண்டினாராம். லும்பினிச் சோலையை அடைந்ததும் உபகுப்தர் வலக்கையை நீட்டி இங்கேதான் பெருமான் பிறந்தார் என்று காட்டினார் என்பது அக்கதை. கதையில் மிகை உண்டு. ஆனால் லும்பினியில் நிற்கும் கல்தூணில் மிகை இல்லை. முடிசூடி இருபது ஆண்டுகள் ஆனபின் அரசர் தாமே வந்து வணங்கினார். சாக்கியமுனி இங்கே பிறந்தமையால் கல் நாட்டினார். இவ்வூருக்கு வரி நீக்கி, விளைச்சலில் எட்டில் ஒரு பங்கு மட்டுமே செலுத்தச் செய்தார் என்று அது கூறுகிறது. யாத்திரைத் தலத்தில் வாழும் ஏழைக் குடிகளுக்கு யாத்திரிகர் வருகையால் சுமை கூடாமல் குறைந்ததற்கு இதனினும் பழைய சான்று நம் நாட்டு எழுத்தில் காண்பது அரிது.

அசோகருக்கு அறுநூறு ஆண்டுகளுக்குப் பின் சீனத்திலிருந்து வந்தவர்களே நமக்கு வழிநூல் எழுதித் தந்தவர்கள். கி.பி. 399இல் புறப்பட்ட பாஹியான் வந்தபோதே சில தலங்கள் நலிந்திருந்தன. கயை நகரம் வெறிச்சோடிக் கிடந்ததாக அவர் எழுதுகிறார். கபிலவாஸ்துவில் அரசனும் இல்லை, குடிகளும் இல்லை. சில துறவிகளும் சில குடும்பங்களுமே எஞ்சியிருந்தனர். வழியில் யானைக்கும் சிங்கத்துக்கும் அஞ்ச வேண்டியிருந்தது. சிராவஸ்தியின் ஜேதவனத்தை அவரும் தோழர் தாவோசெங்கும் அடைந்தபோது, உடன் புறப்பட்டவர்களுள் சிலர் இறந்ததையும் சிலர் திரும்பிப் போனதையும் எண்ணிக் கலங்கினார்கள். அங்கிருந்த துறவிகள், எல்லை நாட்டிலிருந்து இவ்வளவு தூரம் மனிதர் வந்ததுண்டா என்று வியந்தனர். பின்னர் இலங்கையில் அபயகிரி விகாரையில் ஒரு வணிகர் காணிக்கையாக வைத்த சீனத்து வெண்பட்டு விசிறியைக் கண்டதும் பாஹியான் தம்மை மறந்து கண்ணீர் சிந்தினார். வெளியூரில் பல்லாண்டு வாழ்ந்து, ஒருநாள் எதிர்பாராத இடத்தில் தன் ஊர்ப் பொருள் ஒன்றைக் கண்டவருக்கே அந்தக் கண்ணீர் விளங்கும். இதைப் படிக்கும் நண்பர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

யுவான் சுவாங் அவரினும் விரிவாக எழுதியவர். ஏழாம் நூற்றாண்டின் முற்பாதியில் நம் நாடு முழுவதும் சுற்றி, 645இல் தாயகம் திரும்பினார். எவ்வூரிலிருந்து எத்திசையில் எத்தனை 'லி' தொலைவு என்பதை அவர் தவறாமல் குறித்தார். காசியில் முப்பது சங்காராமங்களும் மூவாயிரம் பிக்குகளும் இருந்தனர். தெய்வக் கோயில்களோ நூறு, அவற்றைச் சார்ந்தோர் பதினாயிரம் என்பது அவர் கணக்கு. கயையில் ஆயிரம் பிராமணக் குடும்பங்கள் இருந்தன; அவர்கள் ஒரு ரிஷியின் வழிவந்தோர்; அரசன் அவர்களைக் குடிகளாக நடத்துவதில்லை; மக்கள் எங்கும் அவர்களை மதித்தனர் என்று அவர் எழுதியது, இன்று கயாவாள்களின் வீடுகளுக்குள் நுழைந்து பார்ப்பவருக்கு நினைவு வராமற் போகாது. போதி மரத்தடியில் அவர் முகங்குப்புற விழுந்து, புத்தர் வாழ்ந்த காலத்தில் தாம் எப்பிறவியில் எங்கே கிடந்தோமோ என்று அழுதார். தமிழகத்துக்கும் வந்தார். நாலந்தாவின் தலைவராய் விளங்கிய தர்மபாலர் காஞ்சியில் பிறந்தவர் என்று அவர் குறித்திருப்பது நமக்குரிய பெருமை. காஞ்சியிலிருந்து இலங்கை செல்ல எண்ணியவர், அங்கிருந்து வந்த பிக்குகள் அரசன் மாண்டதையும் பஞ்சத்தையும் கூறவே, திரும்பிவிட்டார்.

புத்தகயைக் கோயிலைப் பற்றி அவர் கூறும் இரு செய்திகள் பெரியம்மாவின் கேள்விக்கு நேரான விடையாகும். முதலாவது, அக்கோயிலைக் கட்டியவர் ஒரு பிராமணர். இமயத்தில் மகேசுவரனை வேண்டி, அவன் அருளிய வாக்கின்படியே கட்டினார் என்பது. இரண்டாவது, கௌட மன்னன் சசாங்கனைப் பற்றியது. அவன் போதி மரத்தை வெட்டியபின், கோயிலுள் இருந்த புத்தர் உருவை அகற்றி அங்கே மகேசுவரன் உருவை வைக்குமாறு ஓர் அதிகாரிக்கு ஆணையிட்டானாம். அந்த அதிகாரி இரு பக்கமும் அஞ்சினார். உருவை அகற்றினால் பாவம். ஆணையை மீறினால் மரணம். ஆகவே உருவத்தின் முன் செங்கல் சுவர் எழுப்பி, உள்ளே ஒரு விளக்கை ஏற்றி வைத்து, சுவரின் வெளிப்புறத்தில் மகேசுவரன் படத்தை எழுதுவித்தார். சசாங்கன் யுவான் சுவாங்குக்கு நெருங்கியவரான ஹர்ஷரின் பகைவன் என்பதை மறவாமல்தான் இக்கதையைப் படிக்க வேண்டும். பகைவனைப் பற்றிய செய்தியில் கரி சற்றுக் கூடுதலாகப் பூசப்பட்டிருக்கலாம். எனினும் அந்தச் சுவரும் அந்தப் படமும் நினைவில் இருக்கட்டும்.

அறுநூறு ஆண்டுகள் கழிந்தன. 1234இல் தர்மசுவாமி என்னும் திபெத்தியத் துறவி தனியராகப் புத்தகயைக்கு வந்தார். துருக்கப் படைகள் மகதத்தை அலைக்கழித்த காலம் அது. அவர் வந்தபோது அங்கே எஞ்சியிருந்த பிக்குகள் நால்வர். மற்றவர் ஓடிவிட்டனர். அந்நால்வரும் மூலக் கருவறையின் வாயிலைச் செங்கல்லால் அடைத்து, மேலே பூச்சுப் பூசி, வெளியே வேறொரு புத்தர் உருவை வைத்திருந்தனர். அடைத்த வாயிலின் பூச்சின்மேல் மகேசுவரன் உருவைத் தீட்டியிருந்தனர். மாற்றாரிடமிருந்து புத்தரைக் காக்கச் சிவனை வாயிலில் நிறுத்தினர் என்பது இதன் பொருள். சசாங்கன் கதையில் அச்சத்தின் சின்னமாக வந்த அதே படம், இங்கே அடைக்கலத்தின் சின்னமாக நிற்கிறது. இரு சமயத்தாரும் எக்காலமும் கட்டித் தழுவியே வாழ்ந்தனர் என்று சொல்லுவோரும் உண்டு. எக்காலமும் வெட்டி மடிந்தனர் என்று சொல்லுவோரும் உண்டு. இருவரும் அந்தக் கதவை ஒருமுறை நினைத்துப் பார்க்கலாம். அந்த நான்கு பிக்குகளின் பெயர்கூட நமக்குக் கிடைக்கவில்லை.

தர்மசுவாமி நாலந்தாவுக்கும் சென்றார். பதினாயிரம் பேர் பயின்றதாகப் புகழப்பட்ட அவ்விடத்தில், தொண்ணூறு வயதைக் கடந்த ராகுல ஸ்ரீபத்திரர் எழுபது மாணவர்க்கு இலக்கணம் கற்பித்துக்கொண்டிருந்தார். படைவீரர் வருகின்றனர் என்று கேட்டதும் மாணவர் கலைந்தோடினர். கிழவர் நகர முடியாதவர். வெளிநாட்டு மாணவராகிய தர்மசுவாமி ஆசிரியரைத் தம் முதுகில் சுமந்துகொண்டு அருகிலிருந்த ஒரு கோயிலில் ஒளிந்தார். படை போனபின் இருவரும் திரும்பினர், பாடம் தொடர்ந்தது.

அதன்பின் பௌத்த வழிகாட்டிகளின் சங்கிலி அறுந்தது. பர்மியர் மட்டும் நீண்ட இடைவெளிகளில் புத்தகயைக்கு வந்து பழுது பார்த்ததுண்டு. 1298ஆம் ஆண்டைச் சேர்ந்த பர்மியக் கல்வெட்டு அங்கே கிடைத்திருக்கிறது. ஏனைய தலங்களில் சொல்லுவார் இல்லை. ஆயினும் ஊரார் முற்றும் மறந்தனர் என்றும் கூற முடியாது. பெயரை மாற்றிக்கொண்டு வழிபட்டனர். லும்பினியில் மாயாதேவியின் சிற்பம் கிராம தேவதையாகப் பூசை கொண்டது. உரும்மிந்தேயி என்னும் ஊர்ப்பெயரிலேயே லும்பினியும் தேவியும் ஒளிந்திருக்கின்றனர். குசிநகரத்தில் ஒரு புத்தர் சிலைக்கு மாதா குன்வர் என்று பெயர். புத்தகயைக் கோயிலின் வாயிலருகே வரிசையாய் இருந்த உருவங்களை மக்கள் பஞ்ச பாண்டவர் என்று வணங்கினர். நூலறிவு மறந்ததைக் குங்குமமும் எண்ணெயும் நினைவில் வைத்திருந்தன.

இந்து யாத்திரைக்கோ வழிகாட்டிகளுக்குக் குறைவு வந்ததே இல்லை, மிகுதிதான் தொல்லையாயிற்று. காசியில் பண்டாக்கள், பிரயாகையில் பிரயாகவாள்கள், கயையில் கயாவாள்கள். இன்ன மாவட்டத்தார், இன்ன குலத்தார் இன்னாருக்கு உரியவர் என்று பிரித்துக்கொண்டு, தலைமுறை தலைமுறையாக வந்தவர் பெயர்களைப் பேரேடுகளில் எழுதி வைத்தனர். உங்கள் பாட்டனார் கையெழுத்தை உங்களுக்கே காட்டி வியக்க வைப்பார்கள். தட்சிணை பற்றி யாத்திரிகர் முணுமுணுப்பது பழைய வழக்கு. ஆனால் கோயில் இடிந்தாலும் ஓர் ஊர் யாத்திரைத் தலமாக நிலைப்பது இவர்களால்தான். காசி விசுவநாதர் ஆலயம் 1669இல் இடிக்கப்பட்டது; இந்தூர் அரசி அகல்யாபாய் ஹோல்கர் இன்றுள்ள கோயிலை எழுப்பியது 1780இல். இடைப்பட்ட நூற்றுப் பதினோரு ஆண்டுகளில் காசிக்குச் செல்வதை யாரும் நிறுத்திவிடவில்லை. கயையின் விஷ்ணுபாதக் கோயிலையும் அவ்வம்மையாரே புதுப்பித்தார். அந்த இடைக்காலத்திலேதான், பதினேழாம் நூற்றாண்டில், நம் குமரகுருபரர் காசி சென்று கேதார கட்டத்தில் மடம் அமைத்தார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் நாட்டுக்கோட்டை நகரத்தார் அங்கே சத்திரம் நிறுவினர். மொழி தெரியாத தமிழ் யாத்திரிகருக்குச் சோறும் தமிழ்ச் சொல்லும் ஒரே கூரையின்கீழ் கிடைத்தன.

இரயில் வருமுன் அப்பயணம் எப்படியிருந்தது என்பதற்கு ஏனுகுல வீராசாமி எழுதிய நாட்குறிப்பு நல்ல சான்று. சென்னை உச்ச நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராய் இருந்த அவர், சுமார் நூறு பேரைக் கூட்டிக்கொண்டு 1830ஆம் ஆண்டு மே மாதத்தில் சென்னையிலிருந்து பல்லக்கில் புறப்பட்டார். ஐதராபாத், நாக்பூர், பிரயாகை, காசி, கயை, கல்கத்தா, பூரி ஜகந்நாதம் வழியாகச் சுற்றி, 1831 செப்டம்பரில் வீடு திரும்பினார். பதினைந்து மாதப் பயணம்! எங்கே தண்ணீர் நல்லது, எங்கே அரிசி கிடைக்கும், எவ்வழியில் காடு என்று தெலுங்கில் எழுதி வைத்ததை அவர் நண்பர் கோமளேசுவரபுரம் சீனிவாசப் பிள்ளை 1838இல் அச்சிட்டார். அக்காலத்தில் கும்பினி அரசாங்கம் கயையிலும் பிரயாகையிலும் யாத்திரிகரிடம் வரி வாங்கியது. அவ்வரி ஒழிந்தது 1840இல். 1887இல் காசியில் கங்கைக்குக் குறுக்கே இரயில் பாலம் எழுந்தபின், மாதங்கள் நாட்களாகச் சுருங்கின. இன்று மாளவியாப் பாலம் எனப்படும் அதன்மீது வண்டி செல்லும்போது பெட்டியெங்கும் கேட்கும் "கங்கா மாதாகீ ஜே" முழக்கத்தில் தமிழ்க் குரலும் கலந்திருப்பதை நீங்கள் கேட்டிருப்பீர்கள்.

காசிக்கு நான்கு கல் தொலைவில் சாரநாத் அப்போது என்னவாயிற்று? 1794இல், காசி அரசர் சேத் சிங்கின் திவானாக இருந்த ஜகத் சிங் ஒரு கடைவீதி கட்டுவதற்குச் செங்கல் வேண்டி, அங்கேயிருந்த பெரிய தூபியை இடித்தார். உள்ளே ஒரு கற்பேழையும், அதனுள் பச்சைப் பளிங்குச் சிமிழும், சிமிழில் எலும்புகளும் இருந்தன. யாருடைய எலும்பு என்று சொல்லுவார் இல்லை. எரியூட்டிய எலும்பைக் கங்கையில் கரைப்பதே நற்கதி என்னும் நல்லெண்ணத்தால் அவற்றைக் கங்கையிலே இட்டனர். அசோகர் எழுப்பியதாகக் கருதப்படும் தருமராசிகத் தூபி அது. புத்தரின் தாதுவாகவே இருந்திருக்கலாம் என்பது பலர் கருத்து. காசியின் ஆங்கிலேய அதிகாரி ஜோனதன் டங்கன் இச்செய்தியை எழுதி வைத்திராவிட்டால் இதுவும் நமக்குத் தெரிந்திராது. யாரும் பகைமையால் இதைச் செய்யவில்லை. செய்தவர்கள் பக்தியுள்ளவர்களே. இடத்தின் கதை தெரியாமற் போனதே இழப்புக்குக் காரணம். வழிகாட்டி இல்லாத தலத்தின் நிலை இதுதான்.

அறுந்த சங்கிலியை மீண்டும் இணைத்தவர் அலெக்சாண்டர் கன்னிங்காம். யுவான் சுவாங்கின் நூல் பிரெஞ்சு மொழியில் வெளிவந்ததும், அதைக் கையில் ஏந்தி, அவர் சொன்ன திசையில் அவர் சொன்ன தொலைவை அளந்துகொண்டே கன்னிங்காம் நடந்தார். 1861க்குப் பின் நாலந்தாவையும் சிராவஸ்தியையும் குசிநகரத்தையும் அவர் இனங்கண்டது இவ்வாறே. ஆயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு முன் மறைந்த ஒரு யாத்திரிகர் வழிகாட்ட, ஓர் ஆங்கிலேய இராணுவப் பொறியாளர் பின்தொடர்ந்தார். 1876இல் கார்லைல் என்பவர் குசிநகரத்தில் இடிபாடுகளுக்கு அடியில் சுமார் இருபதடி நீளமுள்ள பரிநிர்வாணத் திருவுருவைக் கண்டெடுத்தார். 1896இல் லும்பினித் தூணின் எழுத்து வெளிப்பட்டது. அவ்விடம் நேபாள நாட்டில் உள்ளது. 1904-05இல் சாரநாத்தில் அசோகரின் சிங்கத் தலைத்தூண் மண்ணிலிருந்து வெளிவந்தது. 1950 முதல் அதுவே நம் அரசின் இலச்சினை. நம் கையிலுள்ள ஒவ்வொரு நாணயத்திலும் சாரநாத் இருக்கிறது.

கண்டுபிடிப்பது எளிது, யாருடையது என்று முடிவு செய்வதுதான் கடினம். புத்தகயையில் 1590 அளவில் கமண்டி கிரி என்னும் சைவத் துறவி வந்து தங்கினார். அவர் வழிவந்த மகந்துகள் அக்கோயிலையும் நிலங்களையும் தம் ஆட்சியில் வைத்திருந்தனர். பாழடைந்த இடத்தில் முந்நூறு ஆண்டு விளக்கேற்றியவர்கள் அவர்கள் என்பதை மறுக்க முடியாது. 1870களில் பர்மிய மன்னர் மிண்டோன் பழுதுபார்க்க ஆளனுப்பினார். பின்னர் ஆங்கில அரசாங்கமே கன்னிங்காம், பெக்லர் ஆகியோரைக் கொண்டு 1880களில் கோயிலைப் புதுப்பித்தது. 1876ஆம் ஆண்டுப் புயலில் பழைய போதி மரம் வீழ்ந்தது; அதன் வழித்தோன்றலான கன்றைக் கன்னிங்காம் 1881இல் நட்டார். இன்று நாம் வலம் வருவது அம்மரத்தையே.

1891 ஜனவரியில் இலங்கையிலிருந்து அநகாரிக தர்மபாலர் வந்தார். அப்போது அவருக்கு வயது இருபத்தாறு. சில நாள் தங்கிப் போக வந்தவர், அவ்விடத்தின் நிலையைக் கண்டு, வாழ்நாளையே அதற்கு ஒப்படைத்தார். அவ்வாண்டிலேயே மகாபோதி சங்கத்தை நிறுவினார். 1895 பிப்ரவரியில் ஜப்பானியர் அளித்த ஒரு புத்தர் திருவுருவத்தைக் கோயிலின் மேல்தளத்தில் வைத்து வழிபடத் தொடங்கியபோது, மகந்தின் ஆட்கள் வந்து அதை அகற்றினர். வழக்கு நடந்தது. கீழ்மன்றம் தண்டித்தது, கல்கத்தா உயர்நீதிமன்றம் அத்தண்டனையை நீக்கியது. புத்தர் விஷ்ணுவின் அவதாரமாதலின் கோயில் இந்துக்களுடையதே என்பது மகந்தின் தரப்பில் எழுந்த வாதம். எங்கள் வழிகாட்டி ஒரு நொடியில் சொல்லிவிட்டுப் போன அதே வாக்கியம், அன்று வழக்காடுமன்றத்தில் ஒரு கருவியாகவும் பயன்பட்டது! வணங்கக் கூப்பும் கையும் உரிமை கொண்டாட நீட்டும் கையும் ஒன்றாக இருக்கக்கூடும் என்பதை யாத்திரிகர் அறிந்திருப்பது நல்லது.

தர்மபாலர் அதன் முடிவைக் காணவில்லை. 1931இல் சாரநாத்தில் மூலகந்தகுடி விகாரை திறக்கப்பட்டதைக் கண்டார். 1933 ஏப்ரலில் அங்கேயே மறைந்தார். 1949இல் பீகார் சட்டமன்றம் புத்தகயைக் கோயில் சட்டத்தை இயற்றியது. இந்துக்கள் நால்வர், பௌத்தர் நால்வர், தலைவராக மாவட்ட ஆட்சியர் என்று குழு அமைந்தது. 1953 மே மாதத்தில் கோயில் அதனிடம் ஒப்படைக்கப்பட்டது. ஆட்சியர் இந்துவாக இல்லையெனில் தலைமைக்கு ஓர் இந்துவை அரசு நியமிக்க வேண்டும் என்றிருந்த விதி 2013இல் நீக்கப்பட்டது. யுனெஸ்கோ 2002இல் அக்கோயிலை உலக மரபுச் சின்னமாக ஏற்றது. ஆயினும் நிர்வாகம் முழுவதும் பௌத்தரிடமே வேண்டுமென்று கோரி 2025இல் பிக்குகள் அங்கே உண்ணாநோன்பு இருந்தனர். இக்கோரிக்கையில் நியாயம் உண்டென்றே எனக்குத் தோன்றுகிறது; உலகெங்குமுள்ள பௌத்தர்க்கு அதனினும் உயர்ந்த தலம் வேறில்லை. நமக்குக் காசி இருக்கிறது, இராமேசுவரம் இருக்கிறது. அதேவேளையில், தந்தைக்குப் பிண்டமிடக் கயையிலிருந்து நடந்து வரும் கிழவருக்கு அம்மரத்தடியில் இடமில்லாமற் போகக்கூடாது. கயா மாகாத்மியம் தொன்றுதொட்டு அம்மரத்தை வணங்கச் சொல்கிறது; அது வழக்குக்காகச் சொன்னதன்று.

இவற்றையெல்லாம் நான் படித்தறிந்தது பெரியம்மா ஊர் திரும்பிய பிறகுதான். அன்று புத்தகயையில் அவர் தம் கேள்வியோடேயே பிண்டம் இட்டார். சற்றுத் தொலைவில் பர்மியப் பெண்கள் சிலர் மெழுகுவத்தி ஏற்றிவிட்டு, மரத்திலிருந்து உதிர்ந்த ஓர் இலைக்காகக் காத்திருந்தனர். காற்றில் வந்த இலை பெரியம்மாவின் அருகே விழுந்தது. அவர் அதை எடுத்து, மொழியில்லாமலே, அவர்களுள் ஒருத்தியிடம் நீட்டினார். அவள் இரு கைகளாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். வழிகாட்டி ஊதல் ஊதினார்.

சில மாதங்கள் கழித்துத் தொலைபேசியில் அவருக்கு அந்த நான்கு பிக்குகளின் கதையைச் சொன்னேன். செங்கல் வைத்து அடைத்ததையும், வாயிலின்மேல் சிவபெருமானை எழுதியதையும் கேட்டுச் சிறிது நேரம் பேசாதிருந்தார்.

"அப்படியென்றால், காவலுக்கு நின்றது நம் சாமிதான்" என்றார். பிறகு, "அந்தக் கதவை மறுபடியும் திறந்தார்களா, அப்பா?" என்று கேட்டார்.

"திறந்தார்கள் பெரியம்மா. அந்தத் திபெத்துக்காரர் உள்ளே போய்த் தரிசனம் செய்திருக்கிறார்" என்றேன்.